வலதுபக்கத்து ஹம்சா

அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஹம்சா மாமிக்குப் போன வருஷம் வரை கார் ஓட்டத் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக, கார் ஓட்டுகிறவர்கள் சென்னைத் தெருக்களில் வாங்கவேண்டிய திட்டை எல்லாம் அவர்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

காரணம், அவர் கணவர் ராகவேந்திரன் வைத்திருந்த வண்டி. வெளிர்பச்சை நிறத்தில் ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில். தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ஆமை. கல்யாணமான புதிதில், வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரரிடமிருந்து மாமா அதை வாங்கினார். அவர் ஊரில் வண்டிகள் சாலையின் வலதுபக்கம் போகுமாம். அதனால் ஸ்டியரிங் இடதுபக்கம் இருந்தது. நம் ஊர்க் கார்களில் டிரைவருக்குப் பக்கத்து ஆள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து மாமா ஓட்டினார். டிரைவர் உட்கார வேண்டிய இடத்தில் மாமி, மடியில் கைப்பையும் கைப்பையின் மேல் இரண்டு கைகளுமாக.

எதிரே வருகிறவர்களுக்கு மாமிதான் டிரைவர். "இன்னாம்மா, கனா கண்டுகினு வர்றியா?" என்று ஆட்டோக்காரர்கள் அவரைத்தான் கேட்பார்கள். ஒருமுறை லஸ் முனையில் வண்டியை ஓரங்கட்டச் சொன்ன போக்குவரத்துக் காவலர் நேராக மாமியின் ஜன்னலுக்கு வந்து லைசென்ஸ் கேட்டார். "எனக்கு எதுக்கு லைசென்ஸ்? நான் சும்மா உக்காந்துண்டு வரேன்" என்றார் மாமி. காவலர் கோபமாகக் குனிந்து உள்ளே பார்த்தார். மாமியின் முன்னால் ஸ்டியரிங் இல்லை. அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "போங்கம்மா" என்று மாமியையே அனுப்பிவைத்தார். கடைசி வரை மாமாவின் பக்கம் அவர் திரும்பவில்லை.

ராகவேந்திரன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை முதல் மாலை வரை யார் யார் மேல் மோதினார்கள் என்று படித்துக்கொண்டே இருந்ததால், சாலையில் போகிற எல்லோரும் தன் மேல் மோதுவதற்காகவே வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் என்பது அவர் எண்ணம். அப்படிப்பட்டவர் இடதுபக்கம் உட்கார்ந்துகொண்டு, முன்னால் போகும் பஸ்ஸை எப்படித் தாண்டுவார்? பஸ்ஸின் பின்பக்கத்தைத் தவிர அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்று வலதுபக்கம் இருக்கிற மாமிதான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு லாரி வரது, அதுக்குப் பின்னாடி ஸ்கூட்டர், ஸ்கூட்டர் போகட்டும், இப்ப போங்கோ" என்பதற்குள் அடுத்த லாரி வந்துவிடும். நாளடைவில் அது சுருங்கி இரண்டே சொல்லில் வந்து நின்றது. "ம்" என்றால் போகலாம். "ம்ஹூம்" என்றால் கூடாது. மாமி "ம்" சொன்னால் மாமா கண்ணை மூடிக்கொண்டு வலதுபக்கம் எடுத்துவிடுவார். உலகத்தில் வேறு யார் பேச்சையும் அவர் அப்படி நம்பியதில்லை.

இதில் ஒரு கஷ்டம் இருந்தது. காரில் மாமா என்ன கதை சொன்னாலும் மாமியால் ம் கொட்ட முடியாது. ஆபீஸில் மேனேஜர் அவமானப்படுத்தியதைச் சொல்லும்போதுகூட மாமி வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார். காரில் அவர்களைப் பார்க்கிறவர்கள், பாவம், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இரண்டு வருஷத்துக்கு முன் ஆர்.கே. மடம் சாலையில் அந்தத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிற வரைக்கும். மெட்ரோ வேலைக்காகப் பாதிச் சாலையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். லாரி நின்றது. மாமா மாமியைப் பார்த்தார். மாமி எட்டிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பிறகு "ம்" என்றார்.

மாமா எடுத்தார். எதிரே ஒரு ஆட்டோ, மிக அருகில். ஆட்டோக்காரர் எப்படியோ வளைத்துத் தகரத்தை உரசிக்கொண்டு நிறுத்தினார். பிறகு வழக்கம்போல மாமியின் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்:

"இன்னாம்மா, கண்ணு தெர்லியா ஒனக்கு?"

இந்தக் கேள்வியை மாமி நூறு தடவை கேட்டிருப்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார். வீட்டுக்கு வந்து எங்களிடம் நடித்தும் காட்டுவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. வீடு வரும் வரை இருவரும் பேசவில்லை. இந்த முறை பார்த்தவர்கள் நினைத்தது சரிதான்.

அடுத்த வாரம் மாமா திடீரென்று வண்டியைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். அடித்தகடு துருப்பிடித்துவிட்டது, இன்ஜின் களைத்துவிட்டது, பெயிண்ட் உரிகிறது என்று வரிசையாகக் குறை சொன்னார். கடைசியில், யாரோ சொல்லி அப்போதுதான் ஞாபகம் வந்தவர் போல, "இவ்ளோ பிரிக்கறச்சே, ஸ்டியரிங்கையும் வலதுபக்கம் மாத்திடலாம்னு பாக்கறேன். ஹெட்லைட்டும் எதிர்ல வரவா கண்ணுல அடிக்கறது" என்றார்.

"இத்தனை நாள் அடிக்கலையா?" என்றார் மாமி.

"இத்தனை நாள் எதிர்ல வந்தவா சும்மா இருந்தா" என்றார் மாமா. விபத்துப் பிரிவில் இருந்தவருக்கு இதைவிட நல்ல பதில் வரவில்லை.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஜவஹர் ஷெட் வைத்திருக்கிறார். பழைய கார் என்றால் அவருக்கு உயிர். எந்த வேலைக்கும் அவர் சொல்லும் கெடு "அடுத்த வாரம்". எந்த வருஷத்து அடுத்த வாரம் என்பதை மட்டும் சொல்லமாட்டார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"சார், இது சும்மா ஸ்டியரிங்கப் புடுங்கி அந்தாண்ட சொருவுற வேலை இல்ல. டேஷ்போர்டு, பெடலு, கேபிளு, ஒயரு, எல்லாம் கண்ணாடில பாத்தா மாரி திரும்பணும். ஒரு ரைட்டு வண்டி ஸ்கிராப்ல கெடச்சா அத்துலேர்ந்து எடுத்து மாட்டிக்கலாம். ஆமா, இத்தினி வர்சம் ஓட்டிக்கினுதானே இருந்தீங்க? இப்ப இன்னா அவசரம்?"

மாமா மாமியைத் திரும்பிப் பார்த்தார். மாமி வாசலில் நின்று பக்கத்துக் கடைப் பூனையோடு பேசிக்கொண்டிருந்தார். மாமா ஜவஹரின் காதருகே போய் ஏதோ சொன்னார். "அய்ய, ஆமாவா?" என்றார் ஜவஹர். "நா மூச்சு வுட மாட்டேன் சார். அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் போனார்கள். வண்டி தோல் உரித்த மாதிரி நின்றது. கதவு ஒரு பக்கம், இருக்கைகள் ஒரு பக்கம். டேஷ்போர்டு இருந்த இடத்தில் வெறும் ஓட்டையும் அதிலிருந்து தொங்கும் கம்பிகளும். மாமிக்கு அதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஜவஹர் அவரை உட்காரவைத்து, டீ வரவழைத்து, மிகுந்த அக்கறையோடு கேட்டார்:

"மாமி, கண்ணு இப்ப எப்டி கீது? ஆபரேசன் பண்ணிக்கினீங்களா, இல்லியா?"

மாமி மாமாவைப் பார்த்தார். மாமா கீழே கிடந்த ஒரு டயரை எடுத்து, அதில் எழுதியிருந்ததை எல்லாம் உன்னிப்பாகப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

கார் ஷெட்டில் இருந்ததால் அன்று ஆட்டோவில் திரும்பினார்கள். வழியில் ஆழ்வார்ப்பேட்டை வந்தது. சிக்னலில் ஆட்டோ நின்றதும் மாமி கேட்டார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"என்னது?"

"என் கண்ணு."

"அந்த லாரி அன்னிக்கு நிச்சயமாச்சு. சந்தேகம் நவராத்திரிலேர்ந்து. கொலுவுக்கு வந்த ஜலஜாவுக்கு ரெண்டு தரம் வெத்தலை பாக்கு குடுத்தியே."

"அது ஒரு மரியாதைக்கு."

"ரெண்டாவது தரம் 'வாங்கோ, எப்ப வந்தேள்'னு வேற கேட்டே."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?" என்றார்.

"உன் கண்ணு. நீன்னா சொல்லணும்."

"சொன்னா நீங்க காரை மூடிப் போட்டுடுவேள். வெளியிலயே போகமாட்டேள். எனக்குத் தெரியாதா உங்களை?"

அது உண்மைதான். மாமியின் 'ம்' இல்லாமல் அவர் அபிராமபுரத்தைத் தாண்டியிருக்க மாட்டார். "எடுத்தவுடனே உன் கண்ணு சரியில்லைன்னு எப்படிச் சொல்றது?" என்று முனகினார். "அதான் ஸ்டியரிங் சரியில்லைன்னு சொன்னேன்."

ஒரு பெண்டாட்டியின் மனசு நோகக்கூடாது என்பதற்காக ஒரு முழுக் காரையே பிரித்துப் போட்ட மனிதரை என்ன செய்வது? மாமி அந்த மாதமே கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டார். முதலில் வலது கண். சில வாரம் கழித்து இடது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மாமாவுக்குத்தான் கஷ்டகாலம். மாமிக்கு எல்லாம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. அடுப்படிச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. மின்விசிறி இறக்கையின் தூசி தெரிந்தது. "உங்க காதுல இவ்ளோ முடி எப்போலேர்ந்து இருக்கு?" என்று ஒரு காலை வேளையில் கேட்டார். மாமா அன்றே போய் முடிவெட்டிக்கொண்டு வந்தார்.

ஷெட்டில் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார்கள். மாமி பார்த்தவுடனே, "இது நம்ம பச்சை இல்லை" என்றார்.

"அதே பச்சைதான் மாமி."

"இதுல நீலம் கலந்திருக்கு. நம்பளது ஒரு மாதிரி எலுமிச்சங்காய் நிறம்னா?"

ஜவஹர் கதவின் உள்பக்கம் பெயிண்ட் படாமல் விட்டிருந்த பழைய துண்டு ஒன்றைக் காட்டினார். புதியதும் பழையதும் ஒன்றுபோலவே இருந்தன. மாமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடந்த சில வருஷங்களாகத் தான் பார்த்துக்கொண்டிருந்த எலுமிச்சங்காய் நிறம் காரில் இல்லை, தன் கண்ணில்தான் இருந்தது என்று புரிந்தது. "நன்னாத்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். "இத்தனை நன்னா இருந்ததுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

ஜவஹரின் அடுத்த வாரம் ஒருவழியாகத் தை மாதத்தில் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் நொறுங்கிக் கிடந்த ஒரு வலதுபக்க பீட்டிலிலிருந்து டேஷ்போர்டும் பெடல்களும் ஸ்டியரிங் பெட்டியும் வந்திருந்தன. வெட்டி, ஒட்டி, கேபிள்களை வேறு வழியாக இழுத்து, ஹெட்லைட்டை மாற்றி, வேகமானியை மாற்றி, மனிதர் உண்மையிலேயே பாடுபட்டிருந்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காயும் உடைத்தாயிற்று.

"ஏறுங்க சார்" என்றார் ஜவஹர்.

மாமா நேராக இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மாமி வலதுபக்கக் கதவைத் திறந்து, புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்தார். இருவரும் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கையை நீட்டினார். கை காற்றில் துழாவியது.

ஜவஹர் சிரித்த சிரிப்பில் சந்துக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"எறங்கு ஹம்சா" என்றார் மாமா, காது சிவக்க.

"நான் ஏன் எறங்கணும்?" மாமி தன் முன்னால் இருந்த ஸ்டியரிங்கை அப்போதுதான் பார்த்தார். பெரிய, மெல்லிய, வெள்ளை வளையம். லேசாகத் தொட்டார். "நான் என் எடத்துலதான் உக்காந்திருக்கேன். இதுன்னா என்னைத் தேடிண்டு வந்திருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்துக்கொண்டே இறங்கி இடதுபக்கம் போய் உட்கார்ந்தார். ஆனால் தான் சொன்ன அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போயிருக்க வேண்டும். அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்து அதை இன்னொரு முறை சொன்னார்.

வீடு திரும்பிய பயணம் பற்றி மாமா யாரிடமும் பேச விரும்புவதில்லை. மாமி சொல்லித்தான் தெரியும். இத்தனை வருஷம் கியரை வலது கையால் போட்டுப் பழகியவர், ஒவ்வொரு முறையும் வலது கையால் ஜன்னல் கைப்பிடியைச் சுற்றினார். கியர் விழவில்லை, கண்ணாடிதான் இறங்கியது. டி.டி.கே. சாலை வருவதற்குள் கண்ணாடி இரண்டு முறை இறங்கி ஏறியது. இடதுபக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்குத் தெரியாமல் நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றினார். ஓரிடத்தில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மாமாவும் நின்றார். வலதுபக்கம் சாலை காலியாகக் கிடந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"ஏன் நிக்கறேள்? வழி இருக்கோல்லியோ?"

"இருக்கு."

"அப்ப போகலாமே?"

"நீ ஒண்ணும் சொல்லலையே" என்றார் மாமா.

மாமிக்கு அப்போது இடதுபக்கத்திலிருந்து பஸ்ஸின் பின்பக்கத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. இருந்தாலும், மனிதர் எத்தனை நேரம் நிற்பார் என்று இரக்கப்பட்டு, "ம்" என்றார். மாமா உடனே வண்டியை எடுத்தார்.

இரண்டு மாதம் அப்படி ஓடியது. ஓடியது என்று சொல்வதைவிட, பெரும்பாலும் நின்றது என்று சொல்லலாம். மாமா எங்கள் கேட்டின் இடதுபக்கத் தூணை ஒருமுறை உரசினார். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் எப்படி ஓட்ட வேண்டும் என்று அவருக்கு மண்டையில் தெரியும், கைகால்களுக்குத் தெரியவில்லை. மாமிக்கோ வேலையே இல்லாமல் போயிற்று. ஏறி உட்கார்ந்ததும் கொட்டாவி வந்தது. புதுக் கண் கிடைத்தும் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, கபாலி கோயிலுக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான் கார் கத்துக்கப் போறேன்" என்றார்.

மாமா முதலில் சிரித்தார். பிறகு, மாமி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், தான் ஆபீஸில் படித்த விபத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். மாமி கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். வீட்டில் இருந்ததால் தாராளமாக ம் கொட்டினார். மறுநாள் காலை மந்தைவெளியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார்.

அங்கே சொல்லிக்கொடுக்கிறவர் தங்கபுஷ்பம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். நாற்பது வயது இருக்கும். குரல் மட்டும் பஸ் கண்டக்டருக்கு இருக்க வேண்டியது. முதல் நாளே மாமியின் கையில் வண்டியைக் கொடுத்துத் தெருவில் இறக்கிவிட்டார். ஒரு குப்பை வண்டியைத் தாண்ட வேண்டி வந்தது. மாமி எட்டிப் பார்த்தார். கணக்குப் போட்டார். "ம்" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமி, ம்னு சொல்லிட்டு சும்மா இருக்கிய?" என்றார் தங்கபுஷ்பம்.

"போகலாம்னு சொன்னேனே."

"யாருகிட்ட சொன்னிய? நீங்கதான் மிதிக்கணும்!"

மாமி ஆக்ஸிலேட்டரைத் தேடினார். சொன்னால் வண்டி போகும் என்று முப்பது வருஷமாக வைத்திருந்த நம்பிக்கையை விடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் தங்கபுஷ்பம் வியந்துபோனார். எதிரே வருகிற வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது, எந்தச் சந்திலிருந்து எந்த ஸ்கூட்டர் எப்போது பாயும், எந்த ஆட்டோ சொல்லாமல் திரும்பும் என்பதெல்லாம் மாமிக்கு மனப்பாடமாக இருந்தது.

"ரோட்டை இப்படிப் பாக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல மாமி. காலுதான் என்ன செய்யுதுன்னு உங்களுக்கே தெரிய மாட்டேங்கு."

கால் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. லைசென்ஸ் பரீட்சையில் முதல் முறை, பின்னால் எடுக்கும்போது ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் காபி குடித்தார். மாமா, "கம்பம் பழசா இருந்திருக்கும்" என்று ஆறுதல் சொன்னார். அதோடு நிற்கவில்லை. எங்கள் அடுக்ககத்தின் பின்புறம் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து, தினமும் சாயங்காலம் அவரைப் பின்னால் எடுக்கப் பழக்கினார். ஒரு துளசிச் செடியும் இரண்டு செம்பருத்தியும் அந்தப் பயிற்சியில் உயிர்விட்டன. இரண்டாம் முறை மாமி தேறினார்.

லைசென்ஸ் வந்த அன்று மாமி வலதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மாமா இடதுபக்கம் உட்கார்ந்தார். இருவரும் அவரவர் இடத்தில். மாமாவின் காலடியில் பெடல் இல்லை. ஆனாலும் முதல் ஒரு மாதம் அவர் வெறும் தரையை மிதித்து மிதித்துத்தான் பயணம் செய்தார். மாமி ஒவ்வொரு முறை பஸ்ஸைத் தாண்டும்போதும் கண்ணை மூடிக்கொள்வார். திறந்து பார்த்தால் பஸ் பின்னால் இருக்கும். இப்படிப் பல பஸ்கள் பின்னால் போன பிறகு, கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றியது.

திறந்து வைத்ததும் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு கிடைத்தது. இத்தனை வருஷம் அந்த மனிதர் முன்னால் போகும் வண்டியின் பம்பரைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இப்போது நடைபாதையோரம், ஜன்னலுக்குப் பக்கத்தில், கை இரண்டும் சும்மா.

"ஹம்சா, இந்த ஊறுகாய்க் கடை எப்ப வந்தது?"

"ஸ்நேஹா பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து இருக்கு."

ஸ்நேஹா அவர்கள் மகள். புனேயில் இருக்கிறாள். அவளுக்கே முப்பது தாண்டிவிட்டது.

"அப்படியா! சித்த நிறுத்தேன்."

அப்படி ஆரம்பித்தது. மாமா எல்லாக் கடையிலும் நிறுத்தச் சொன்னார். மாட வீதியில் பூஜைச் சாமான் கடை, ஒரு சந்து முனையில் குடை ரிப்பேர், தி.நகரில் குழந்தைகளுக்குக் குட்டி வேட்டி விற்பவர். வேட்டி வாங்க அவருக்குப் பேரன் இல்லை. இருந்தாலும் இறங்கிப் போய் விலை கேட்டார். போகிற இடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்ப வேண்டியதாயிற்று. மாமி எங்களிடம் அலுத்துக்கொள்வார். "முன்னெல்லாம் ஓட்டத் தெரியாம நின்னுண்டிருந்தார். இப்ப வேடிக்கை பாக்க நிக்கறார். ஆகமொத்தம் வண்டி போகலை."

போன மாதம் மந்தைவெளியில் நூலகத்துக்குப் புத்தகம் திருப்பித் தரப் போனார்கள். திரும்பும் வழியில் மாமா தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் பார்த்துவிட்டார். நிறுத்த இடமில்லை. "நீ ஒரு சுத்து சுத்திண்டு வா, அதுக்குள்ள வாங்கிடறேன்" என்று சொல்லி, வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டார். விபத்துப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர் செய்கிற காரியமா இது?

மாமி சுற்றி வந்தார். மாமா இன்னும் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் வண்டிகள் கத்தின. மாமி இன்னொரு சுற்றுப் போனார். காரில் அவர் மட்டும் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை என்று போய்க்கொண்டிருக்கும்போதுதான் உறைத்ததாம். பக்கத்து இருக்கை காலி. யாரும் தரையை மிதிக்கவில்லை, எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. திரும்ப வேண்டிய இடம் வந்தது. மாமி திரும்பவில்லை. நேராக ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறி, காற்று முகத்தில் அடிக்க, அந்தக் கரைவரை போய்விட்டார்.

மாமா கொய்யாப்பழப் பையோடு வெயிலில் வெகுநேரம் நின்றார். போன் அடித்தார். மாமி எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தான். நேரமாக ஆக, பழைய ஆபீஸ் காகிதங்கள் எல்லாம் மனசில் வரிசையாக வந்துபோயின. பச்சை வண்டி தூரத்தில் தெரிந்ததும், நடைபாதையிலிருந்து இறங்கி நடுச்சாலைக்கே வந்து இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"எங்கே போயிட்டே?"

"பாலம் வரைக்கும். ஏறுங்கோ, பின்னாடி வண்டி நிக்கறது."

மாமா ஏறினார். கோபமாக இருந்ததால் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமி சாலையைப் பார்த்தபடியே இடது கையை நீட்டினார். பை பக்கம் வரவில்லை. நீட்டியபடியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு துண்டு கொய்யா அந்தக் கைக்கு வந்தது. உப்பும் மிளகாய்ப்பொடியும் கொஞ்சம் கூடுதலாகவே தடவியிருந்தது.

"பாலத்துல என்ன இருந்தது?" என்று கேட்டார் மாமா.

"அடுத்த தரம் கூட்டிண்டு போறேன்" என்றார் மாமி, மென்றுகொண்டே. "ஆனா அங்க கடை ஒண்ணும் கிடையாது, சொல்லிட்டேன்."